இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், நடுவில் எழுந்து போக மனசு வராது. காலையில் வாய் நிறையச் சொன்ன ஒரு வார்த்தையை, மத்தியானம் பஸ் கிளம்புவதற்குள் திரும்ப வாங்க ஓடினாரே ஒரு மனுஷன், அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

நம் தனசேகரனைத் தெரியும்தானே? செஞ்சியில் வக்கீல் பொன்னுசாமியிடம் முப்பது வருஷமாகக் குமாஸ்தா. வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, கையிடுக்கில் நாடா போட்ட கேஸ் கட்டு. அவர் அப்பனும் பாட்டனும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் குனிந்தவர்கள். கோர்ட் என்றால் வாசலோடு கைகட்டி நின்று திரும்பியவர்கள். அந்த வீட்டுப் பெண் நிலா இன்று அதே பொன்னுசாமியிடம் ஜூனியர் வக்கீல். அவள் கறுப்பு கவுனைத் தைத்தது அவள் அம்மா அமிர்தவல்லி, காந்தி பஜாரில் லேடீஸ் டைலர். மகளை வீட்டில் 'பாப்பா' என்று கூப்பிடும் தனசேகரன், கோர்ட் கேட்டைத் தாண்டினால் 'மேடம்' என்பார். எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார்.

போன வாரம் என்ன நடந்தது? நிலா படித்த தனியார் சட்டக் கல்லூரி செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பேனர் வைத்தது. நடுவில் கவுன் போட்ட நிலா. மேலே, 'தரவரிசையில் ஏழாம் இடம்!' கீழே, 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வேலை!' தனசேகரன் அதன் கீழே நின்று இரண்டு டீ குடித்தார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நிலா மட்டும் பேனரைப் பார்த்ததும் முகம் சுருங்கி, "அத எடுக்கச் சொல்லு நைனா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை.

அது போன வாரம். இது திங்கட்கிழமை.

காலை ஒன்பதரைக்கு வக்கீல் ஆபீஸ் வாசலில் சேசுராஜ் வந்து நின்றான். அனந்தபுரம் பக்கத்துக்காரன், மணிலாக் கடலை பயிர் வைப்பவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் வழிப்பாதை கேஸ் ஒன்றில் இந்த ஆபீசை நம்பி வந்து ஜெயித்தவன். அன்று முதல் தனசேகரன் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு. கூடவே மகள் லூசி, ப்ளஸ் டூ முடித்தவள், கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

"வா சேசு. வாம்மா. சாப்டீங்களா?"

"ஆச்சுண்ணே. ஒரு சங்கதி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பொண்ணுக்கு விழுப்புரத்து அரசு சட்டக் கல்லூரியில சீட்டு கெடச்சிருக்குது. மார்க்குல கெடச்சதுதான், யாரு காலையும் பிடிக்கல."

"சபாஷ்!"

"இரு, முழுசாக் கேளு. நம்ம நிலா பாப்பா படிச்ச காலேஜுலயும் சீட்டு தரேன்றான். ரெண்டுக்கும் இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. ஒண்ணுக்கு விழுப்புரம் பஸ்ஸு, இன்னொண்ணுக்குத் திண்டிவனம் பஸ்ஸு. எதுலண்ணே ஏறட்டும்?"

சொல்லிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து ஒரு ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தான். சட்டக் கல்லூரிகளின் தரவரிசை போட்ட இதழ். எத்தனை பேர் கை பட்டதோ, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது.

"இதுல பாப்பா காலேஜு ஏழாவது. விழுப்புரம் இந்த லிஸ்ட்லயே இல்லண்ணே. லிஸ்ட்லயே இல்லாத எடத்துல எப்பிடிப் புள்ளய சேக்கறது?"

தனசேகரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதே இதழ் அவர் பையிலும் இருந்தது, நெகிழி உறை போட்டு.

"இதெல்லாம் ஒரு கேள்வியா சேசு? ஏழாவதுன்னா ஏழாவதுதான். கண்ண மூடிக்கினு சேத்துடு. நான் சொல்றேன்."

"மாமா," என்றாள் லூசி மெதுவாக, "விழுப்புரம்னா தெனம் வீட்லருந்தே போய்..."

"சும்மா இரு புள்ள. மாமாவுக்குத் தெரியாததா?"

பெண்ணின் பேச்சு பாதியில் நின்றது. தனசேகரன் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஆள்தான், பாவம். அன்றைக்கு அவர் காது நிறைய 'ஏழாவது' மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெராக்ஸ், போட்டோ வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒன்றரை பஸ்ஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

*

பதினொரு மணிக்கு நிலாவின் மனு வந்தது. அவலூர்பேட்டையில் தனியாக இருக்கும் ஒரு கைம்பெண், அவள் வீட்டுச் சுவரை இடிக்கத் துடிக்கும் பக்கத்து வீட்டுக்காரன். சீனியர் பொன்னுசாமி ஒரு வேலையாகத் திண்டிவனம் போயிருந்தார். நிலா தனியாக எழுந்து நின்று பேசுவது அதுதான் முதல் தடவை.

கேஸ் கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தனசேகரன் கதவோரம் ஒதுங்கி நின்றார். எந்தக் காகிதம் எத்தனையாவது பக்கம் என்று அவருக்கு மனப்பாடம். அவள் தடுமாறினால் ஜாடை காட்டலாம் என்று விரல்களைத் தயாராக வைத்திருந்தார். விரலுக்கு வேலையே வரவில்லை.

"பத்திரத்தில் நாலு எல்லையும் தெளிவா இருக்கே. வரைபடம் யார் போட்டது?" என்று கேட்டார் நீதிபதி.

"நேர்ல போய் அளந்து நான்தாங்க ஐயா போட்டேன்."

நீதிபதி தலையசைத்து எழுத ஆரம்பித்தார். இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் அந்த அம்மா நிலாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தனசேகரன் தூணுக்குப் பின்னால் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் தூசி ஒன்றும் இல்லை.

"நல்லா பேசுனீங்க மேடம்," என்றார் திரும்பி வந்து.

"நைனா, போதும், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

*

மத்தியானம் ஒரு மணி. அமிர்தவல்லியே சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டாள். தடை கிடைத்த சேதி பஜார் வரைக்கும் போயிருந்தது. மூலையில் டைப்பிஸ்ட் குரு தட்டிக்கொண்டிருந்தார், தனசேகரனோடு வேலைக்குச் சேர்ந்தவர், வாயும் கையும் ஒன்றாக ஓடும் மனுஷன்.

"அமிர்தம், இன்னிக்கு ரெட்டைச் சந்தோஷம்," என்றார் தனசேகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே. "காலைல நம்ம சேசு வந்தான். அவன் பொண்ணையும் பாப்பா காலேஜுலயே சேக்கச் சொல்லிட்டேன். விழுப்புரத்துல கெடச்ச சீட்டு வேணாம்னுட்டுப் போறான்."

நிலா எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"எப்போ நைனா?"

"ஒன்றரை பஸ்ஸு. ஏன்?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"படிச்சு முடிச்சதும் அந்த காலேஜுல மூணு மாசம் வேலை பாத்தனே, இன்னா வேலைன்னு நெனச்சிக்கினு இருக்கற?"

"ரிசர்ச் அசோசியேட். ஆர்டர்லயே போட்டிருந்துச்சே."

"நான் லைப்ரரில நம்பர் ஒட்டுனேன் நைனா. செத்துப்போன வக்கீலுங்க வீட்டுலருந்து பழைய புக்கு லாரில வந்து எறங்கும். ஒரே புக்கு பத்து இருந்தா பத்து நம்பரு. அட்டை இல்லாததுக்கும் நம்பரு, கரையான் தின்னதுக்கும் நம்பரு. அங்க எத்தினி புக்கு இருக்குதுன்னு எண்ணுற நாள் ஒண்ணு. படிச்சவங்கள்ல எத்தினி பேரு வேலைல இருக்காங்கன்னு எண்ணுற நாள் இன்னொண்ணு. ரெண்டும் முடிஞ்ச மறுநாளு, 'நாளைலருந்து வர வேணாம்மா'ன்னுட்டாங்க. என்ன மாதிரி சேத்திருந்த நாப்பது பேரையும்."

தனசேகரன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அப்போ அந்தத் தொண்ணூத்தெட்டு?"

"அதுல நாப்பது பேரு கோந்து டப்பாவும் கையுமா இருந்தவங்கதான்."

"ஏன்டி, எங்கிட்ட கூட சொல்லல?" என்றாள் அமிர்தவல்லி.

"எப்பிடிம்மா சொல்வேன்? தெருத் தெருவா மைசூர்பாகு குடுத்துக்கினு இருந்தாரு."

ஆனால் முப்பது வருஷம் கோர்ட்டைப் பார்த்தவர் சட்டென்று விட்டுக்கொடுப்பாரா? "சரி பாப்பா. காலேஜுக்காரன் எண்ணுறதுல ஏதோ பண்ணிட்டான்னே வெச்சுக்குவோம். பத்திரிகைக்காரனுக்கு இன்னா வந்துச்சு? பெரிய பெரிய சட்ட வல்லுநருங்களக் கேட்டுத்தான் போட்டிருக்கான், நானே படிச்சேன்."

"கடைசிப் பக்கம் படிச்சியா?"

"அதுல விளம்பரம்தான?"

நிலா அவர் பையிலிருந்து இதழை எடுத்து, உறையைப் பிரித்து, கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தை விரலால் காட்டினாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். விண்ணப்பம் போட்ட கல்லூரிகளை மட்டும்தான் பட்டியலுக்கு எடுத்தார்கள். கட்டடம், புத்தகம், வேலை இந்தக் கணக்கெல்லாம் கல்லூரி எழுதிக் கொடுத்ததுதான், நேரில் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. நூறு மதிப்பெண்ணில் நாற்பது, சட்டத்துறை வல்லுநர்களின் கருத்துக்கு. அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வல்லுநர்களைப் பிப்ரவரி மாதம் தொலைபேசியில் கேட்டார்களாம்.

"நம்ம செஞ்சிக் கோட்டைய உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேக்கறதுக்கு முன்னால, ஆளு வந்து படியேறிப் பாத்துட்டுத்தான நைனா போனாங்க? இங்க ஒரு படி யாரும் ஏறல."

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"தனசேகரா," என்றார் குரு. "பிப்ரவரின்னா... ஒரு பொண்ணு தேன் மாதிரி பேசிக்கினு போன் பண்ணுச்சே?"

தனசேகரனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

வந்ததுதான், அந்த போன். 'சார், நீங்க சட்டத்துறையில இருக்கீங்களா, எத்தனை வருஷம்?' என்று அந்தப் பெண்குரல் கேட்டது. முப்பது என்றார். பத்துக் கல்லூரிப் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டது. மகள் கல்லூரிக்குப் பத்து போட்டார். வாயில் நுழையாத பெயர்களுக்கெல்லாம் நாலு. வேறு யாராவது துறையில் தெரிந்தவர் உண்டா என்று கேட்டபோது குருவின் நம்பரையும் கொடுத்தார். தன் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போயிற்று என்று அன்று யோசிக்கவில்லை. இப்போது புரிந்தது, கல்லூரிதான் கொடுத்திருக்கிறது. மகளைச் சேர்க்கும்போது 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் குமாஸ்தா என்று எழுதக் கூச்சப்பட்டு, 'சட்டத்துறை' என்று எழுதியிருந்தார்.

"நீ பத்து போட்டேன்னு சொன்ன," என்றார் குரு பரிதாபமாக. "நானும் பத்து போட்டா சந்தேகம் வரும்னு ஒம்போது போட்டேன்ப்பா."

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே அடங்கிற்று.

"அப்போ," என்றார் அவர், "அந்த ஏழாவதுல நானும் இருக்கறேன்."

தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு தடவ அந்த காலேஜுக்குள்ள போயிருக்கனா? உன்னச் சேக்க வந்தப்போ கூட வாட்ச்மேன் என்னை கேட்லயே நிறுத்திட்டான். நான் பத்து மார்க்கு போட்டிருக்கறேன். அத நம்பி ஒருத்தன் கையில இருக்கற சீட்டத் தூக்கிப் போட்டுட்டுப் போறான்."

"உக்காந்து பேசற நேரமா இது?" அமிர்தவல்லி கேரியரை மூடினாள். "மணி ஒண்ணு இருவது. எழுந்து ஓடுங்க!"

*

மொபெட்டில் அப்பா முன்னால், கவுனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மகள் பின்னால். பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் லூசி, பக்கத்தில் சேசுராஜ்.

"சேசு! எறங்கு!" தனசேகரன் பஸ்ஸைத் தட்டினார். "பொண்ணோட எறங்கு!"

"ஏறுறதா எறங்குறதா, சீக்கிரம் சொல்லு பெரியவரே," என்றார் கண்டக்டர்.

இருவரும் பதறி இறங்கினார்கள். யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்திருந்த சேசுராஜ், சங்கதி கல்லூரிதான் என்று தெரிந்ததும் கொதித்துப்போனான்.

"காலைல கண்ண மூடிக்கினு சேருன்ன. இப்போ எறங்குன்ற. இன்னாண்ணே வெளையாடறியா?"

"தப்பாச் சொல்லிட்டேன்டா. அந்த காலேஜு வேணாம்."

சேசுராஜ் தலைக்கு மேல் நின்ற பேனரைப் பார்த்தான். திரும்பித் தனசேகரனைப் பார்த்தான்.

"புரியுதுண்ணே. உம் பொண்ணு மட்டும்தான் போர்டுல இருக்கணும். எம் பொண்ணு வந்துடக்கூடாது. அதான?"

பூ விற்றவர்கள், கோட்டை பார்க்க வந்து தொப்பியோடு நின்ற வெளியூர்க்காரர்கள், நாலு பேர் திரும்பினார்கள். தனசேகரனுக்கு அந்த வார்த்தை நேராக நெஞ்சில் இறங்கிற்று. நிலா முன்னால் வந்து வாயெடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், இது என் கேஸு. நான் பாத்துக்கறேன்."

பிறகு சேசுராஜைப் பார்த்தார். "பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டியா?"

"அங்க போய்ப் போடணும்."

"நல்லது. உக்காரு."

தனசேகரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டுக்குப் போகிற மனுவெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கட்சிக்காரர் நீட்டின இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற ஆபீஸ்களில் அப்படித்தான். இவரிடம் அது நடக்காது. எவ்வளவு அவசரமானாலும், எதிரே உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழில் படித்துக் காட்டி, "வெளங்குச்சா? இது உண்மைதானா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் பேனாவையே கழற்றுவார். இந்தப் படிப்பால் அவர் விட்ட பஸ்கள் எத்தனையோ.

பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் சேசுராஜை உட்கார வைத்தார். இதழின் கடைசிப் பக்கத்தை விரித்தார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, மனு படிக்கும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"ஒண்ணு. மனு போட்ட காலேஜு மட்டும்தான் லிஸ்ட்ல வரும். போடலன்னா எவ்ளோ நல்ல காலேஜா இருந்தாலும் வராது. விழுப்புரம் வராதது இதனால. வெளங்குச்சா?"

சேசுராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வெளங்குச்சான்னு கேட்டேன்."

"வெளங்குச்சு."

"ரெண்டு. எத்தினி பேருக்கு வேலைன்றது காலேஜே எழுதிக் குடுத்தது. அந்த வேலையில ஒண்ணு, தோ நிக்கறாங்களே மேடம், அவங்க மூணு மாசம் பழைய புக்குக்கு நம்பர் ஒட்டுனது."

"ஆமா மாமா," என்றாள் நிலா. தன் படத்துக்கு நேர் கீழே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "அந்தப் போர்டுல இருக்கறது நான்தான். அதுல எழுதியிருக்கறது உண்மை இல்ல."

"மூணு. நூத்துக்கு நாப்பது மார்க்கு, இருநூத்துப் பன்னெண்டு சட்ட வல்லுநருங்க போட்டது." தனசேகரன் இங்கே கொஞ்சம் நிறுத்தினார். ஆனாலும் படித்தார். "அந்த இருநூத்துப் பன்னெண்டு பேர்ல நான் ஒருத்தன், சேசு. நம்ம குரு ஒருத்தன். எம் பொண்ணு படிச்ச எடமாச்சேன்னு பத்து போட்டேன். மத்த காலேஜெல்லாம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு கூட எனக்குத் தெரியாது. இதுல எழுதியிருக்கற வல்லுநரு நான்தான்டா."

சேசுராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உதட்டோரம் துடித்தது.

"வாயில நுழையாத பேருக்கு எத்தினி போட்டண்ணே?"

"நாலு."

"அடப்பாவி மனுஷா!" சேசுராஜ் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கண்ணே. வாயில வந்தத பேசிட்டேன்."

"காலைலயே படிச்சுக் காட்டியிருக்கணும். எட்டு வருஷத்துக்கு முன்னால உன் வழிப்பாதைக்குப் படிச்சுக் காட்டுனேன். உன் பொண்ணு படிப்புக்குப் படிச்சுக் காட்டல. நீதான் மன்னிக்கணும்."

திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போயிற்று. யாரும் அதைப் பார்க்கவில்லை.

லூசி நிலாவின் பக்கம் நகர்ந்தாள். "அக்கா, அந்த காலேஜு மோசம்ன்றீங்க. ஆனா நீங்க இன்னிக்கு கோர்ட்டுல ஜெயிச்சீங்கன்னு ஜெராக்ஸ் கடையிலயே பேசிக்கிறாங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

நிலா யோசித்துப் பதில் சொன்னாள். "சொல்லிக் குடுத்த வாத்தியாருங்க அங்கயும் ரெண்டு பேரு இருந்தாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். மீதி எல்லாம் லீவுல எங்க நைனாவோட கேஸ் கட்டப் பிரிச்சுப் படிச்சது. நீ எங்க சேந்தாலும் நீதான் படிக்கணும். ஆனா நீயா வாங்குன சீட்ட, எவனோ போட்ட மார்க்குக்காக விட்டுடாத."

"எனக்கு முதல்லருந்தே விழுப்புரம்தான்க்கா இஷ்டம்."

"அத சத்தமாச் சொல்லிப் பழகு. நாளைக்கு கோர்ட்டுல நிக்கப் போறவ."

லூசி அப்பன் பக்கம் திரும்பினாள். "நைனா, எனக்கு விழுப்புரம்தான் வேணும்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ரெண்டு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் விழுப்புரத்துக்கு ஏறினார்கள்.

*

ஆபீசுக்கு வந்ததும் தனசேகரன் குருவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வெள்ளைத் தாள் போடு. பத்திரிகை ஆபீசுக்கு."

"சொல்லு."

"செஞ்சியில் வசிக்கும், வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கும் தனசேகரன் ஆகிய நான் சத்தியமாகச் சொல்வது என்னவென்றால்..."

குரு நிமிர்ந்தார். "சட்டத்துறைன்னு போடவா?"

"குமாஸ்தான்னு போடு. பெரிய எழுத்துல போடு."

எந்த மாதம் போன் வந்தது, யாருக்கு எத்தனை மார்க் போட்டார், எந்தக் கல்லூரியையும் பார்க்காமல் போட்டார், அந்த மார்க்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார், இவ்வளவும் பாரா பாராவாக வந்தது. குருவும் தன் ஒன்பதுக்குத் தனியாக ஒன்று அடித்துக்கொண்டார். நிலா மூன்றாவதாக ஒன்று எழுதினாள், கல்லூரிக்கு ஒரு பிரதியோடு. தான் பார்த்தது என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தன் படத்தை அனுமதி இல்லாமல் போட்டது, எல்லாம் அதில் இருந்தது.

திண்டிவனத்திலிருந்து திரும்பிய பொன்னுசாமி மூன்றையும் நின்றபடியே படித்தார். சிரிக்காத மனுஷன் அவர்.

"தனசேகரன், இந்த ஆபீஸ்ல முப்பது வருஷமா மத்தவங்களுக்காக எழுதுன. உனக்குன்னு எழுதுனது இது ஒண்ணுதான். ஒரு வார்த்தை திருத்த எனக்கு வேலை வைக்கல." நிலாவைப் பார்த்தார். "மேடம், தடை உத்தரவு வாங்கிட்டீங்களாமே. கோர்ட் பூரா அதே பேச்சு. நாளைலருந்து அந்த ஜன்னலோர மேஜை உங்களோடது."

பொன்னுசாமி அவளை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தனசேகரன் தபால் உறைகளில் பசை தடவுவதுபோல் குனிந்துகொண்டார். உறைகள் எல்லாம் பதிவுத் தபாலில் போயின.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

"மாமா, சேந்துட்டேன்!" லூசியின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "வரிசையில கடைசி ஆளு நான்தான். பாரத்த முழுசாப் படிச்சுட்டுத்தான் நைனா கையெழுத்துப் போட்டாரு. 'படிக்காமப் போட மாட்டேன்'னு சண்டை போட்டாரு மாமா, பின்னாடி ஆபீஸ்காரங்க பூட்டக் கையில வெச்சிக்கினு நிக்கறாங்க!"

தனசேகரன் போனை மகளிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். ராஜகிரிக் கோட்டை மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"நைனா," நிலா பின்னால் வந்து நின்றாள். "நீ போட்டதுல ஒரு பத்து திரும்ப வாங்கிட்ட. வருத்தமா?"

"போடி பைத்தியம். காகிதத்துல இருந்த ஏழாவது போச்சு. இன்னிக்கு நாலு எல்லை அளந்து படம் போட்டியே, அத எவன் எண்ணுனாலும் எண்ணாட்டியும் எனக்குத் தெரியும்."

காலிக் கேரியரை எடுக்க வந்த அமிர்தவல்லி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பத்து மார்க்க இங்க குடுங்க, நான் போடறேன்," என்றாள். "கவுன் தச்சதுக்கு எனக்கும் சேத்து."

சிரிப்பு ஓயுமுன் நிலாவின் போன் மினுங்கிற்று. தன் கடிதத்தைப் படமெடுத்து, கூடப் படித்தவர்களின் குழுவில் போட்டிருந்தாள். நாற்பது பேரும் இருக்கும் குழு. முதலில் பிரசாந்த், 'நானும் எழுதறேன்.' அடுத்து ஒருவன், 'நானும்.' ஆறு பேர் ஆயிற்று, ஏழானது. நிலா ஒவ்வொன்றாக அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

எட்டாவதைப் படிக்கவில்லை. அது குழுவில் வந்தது அல்ல, அவளுக்கு மட்டும் தனியாக வந்தது. ஐந்து வருஷம் ஒரே அறையில், ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதி மகாலட்சுமி. கோந்து டப்பாவோடு வீட்டுக்கு அனுப்பாமல், கல்லூரி நிஜமாகவே வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே பெண்.

'நிலா, தயவுசெய்து எடுத்துடு. அந்த வேலைப் பட்டியல பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தது நான்.'

நிலா போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "யாரும்மா?" என்று கேட்டார் தனசேகரன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவள் யோசிக்கட்டும் கண்ணுகளா, அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்போம். நீங்கள் எழுந்து விளக்கேற்றுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் உழைப்பால் வாங்கியது எதுவும் கைநழுவாமல் இருக்கட்டும். தப்பாகச் சொன்னதைத் திருத்த ஓடிவரும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் நிறையட்டும். உங்கள் அடுப்பும் உங்கள் வாக்கும் என்றைக்கும் குளிராமல், குடும்பத்தோடு நல்லா இருங்கள்.